நந்தவனம் வைத்த பெரியாழ்வார்

 

தோட்டம் என்ற சொல்லை நாம் தினந்தோறும் சொல்கிறோம். புதிதாக ஒருவரைப் பார்த்தால், நீங்க எந்தத் தோட்டம் என்றுதான் முதலில் விசாரிக்கிறோம். ஜொகூரிலே பிறந்து வளர்ந்த நமக்குத் தோட்டம் என்றால் ரப்பர்த் தோட்டம், செம்பனைத் தோட்டம். பெரட்டும், பால் வாளியும், செம்பனைக் குலையும்தான் நம் கண்முன்னே வந்து நிற்கும். ஆனால் தமிழிலே தோட்டத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு. மனிதன் தன் கையாலே ஆசை ஆசையாய்ப் பூவும் காயும் போட்டு வளர்க்கிற இடமும் தோட்டம்தான். அதையே கோயில் பூஜைக்கென்று வளர்த்தால் நந்தவனம் என்பார்கள்.

முதல் தோட்டத்திலே கூலிக்கு வேலை செய்கிறோம். இரண்டாவது தோட்டத்திலே யாரும் பெயர் கூப்பிடுவதில்லை, யாரும் சம்பளம் போடுவதில்லை. அப்படியிருந்தும், வெயிலிலே வேலை செய்து களைத்து வந்த பிறகு, வாசலிலே ஒரு பழைய பால் மங்கில் மண்ணைப் போட்டு ஒரு ரோஜாக் குச்சியாவது ஊன்றி வைக்காத வீடு நம்மிடையே எத்தனை இருக்கும்? விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த ஆசை ஏன் வருகிறது? அது நமக்கு என்ன கொடுக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு பெரியவரின் வாழ்க்கையை இந்தப் பரிசளிப்பு விழா மலரிலே எழுத விரும்புகிறேன். அவர் ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன்னே வாழ்ந்தவர். மண்வெட்டி பிடித்த கையாலேயே தமிழுக்கு மாலை கட்டியவர். அவர்தான் பெரியாழ்வார்.

ஊரும் பிறப்பும்

தமிழ்நாட்டிலே மதுரைக்குத் தென்மேற்கே சுமார் 75 கிலோமீட்டர் தூரத்திலே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற ஊர் இருக்கிறது. இன்று அது விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. பால்கோவாவுக்குப் பேர்போன ஊர் என்றால் பிள்ளைகளுக்குச் சட்டென்று மனதில் நிற்கும். அந்த ஊர்க் கோயிலிலே ஆலிலை மேலே பள்ளிகொண்ட பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். வடபத்திரசாயி என்பது அவர் திருநாமம்.

அந்த ஊரிலே, வேயர் குலத்திலே, ஆனி மாதம் சுவாதி நட்சத்திரத்திலே ஒரு குழந்தை பிறந்தது. பெற்றோர் வைத்த பெயர் விஷ்ணுசித்தர். திருமாலைச் சித்தத்திலே வைத்தவர் என்று பொருள். பெயருக்கு ஏற்றபடியே பிள்ளையும் வளர்ந்தது. படித்துப் பட்டம் வாங்க வேண்டும், அரசவையிலே போய் உட்கார வேண்டும் என்ற எண்ணமெல்லாம் அவருக்கு வரவில்லை. சாமிக்கு ஏதாவது ஒரு வேலை செய்ய வேண்டும், அதையும் தன் கையாலே செய்ய வேண்டும் என்பதே அவர் ஆசை.

எந்த வேலையைச் செய்யலாம் என்று யோசித்தார். அப்போது அவருக்குக் கண்ணன் கதையிலே வருகிற ஒரு பூக்காரர் நினைவுக்கு வந்தார். கண்ணன் மதுராபுரிக்குக் கம்சனைப் பார்க்கப் போகிறபோது, வழியிலே மாலை கட்டுகிற ஒருவர் வீட்டைத் தேடிப்போய்ப் பூக் கேட்டான். அந்த ஏழைப் பூக்காரர் மனம் பூரித்துப்போய், இருப்பதிலேயே நல்ல மாலையை எடுத்துப் போட்டார். அரண்மனை வாசலுக்குப் போகிற அவசரத்திலும் சாமி தேடிப்போன வீடு ஒரு பூக்காரர் வீடு! இதை நினைத்த விஷ்ணுசித்தர், நமக்கும் இந்த வேலைதான் என்று முடிவு செய்தார். கோயில் பக்கத்திலே நிலத்தைத் திருத்தி நந்தவனம் போட்டார்.

பூ வேலை லேசான வேலையா?

பூ வேலை என்றால் லேசான வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். மண்ணிலே வேலை செய்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்லைப் பொறுக்க வேண்டும், மண்ணைக் கொத்த வேண்டும், பாத்தி கட்ட வேண்டும். தெற்குச் சீமையிலே நம் ஜொகூர் மாதிரி வருஷம் முழுக்க மழை கொட்டாது. மழைக்காலம் போய்விட்டால் கிணற்றுத் தண்ணீரை இறைத்துத்தான் ஊற்ற வேண்டும். ஒரு நாள் விட்டால் துளசி வாடும், இரண்டு நாள் விட்டால் மல்லிகை மொட்டு கருகும். களை மட்டும் யாரும் கூப்பிடாமலே வந்துவிடும். ஆடு மாடு நுழையாமல் வேலி கட்ட வேண்டும். புழு விழுந்த இலையைக் கிள்ளி எறிய வேண்டும்.

இதெல்லாம் செய்த பிறகும் பூ நம் சொல்பேச்சுக் கேட்காது. அது பூக்கிற நேரத்திலேதான் பூக்கும். விடியுமுன்னே எழுந்து, குளித்து, பனி உலருவதற்குள் பறிக்க வேண்டும். பறித்ததை வாழை நாரிலே நெருக்கிக் கட்ட வேண்டும். இறுக்கினால் காம்பு அறுந்துபோகும். தளர்த்தினால் பூ உதிர்ந்துபோகும். அந்தப் பதம் கைக்கு வர எத்தனை நாள் பிடித்திருக்கும்! அப்படிக் கட்டிய மாலையைக் கொண்டுபோய்ச் சாமிக்குச் சாத்தினால், மறுநாள் அது வாடிவிடும். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இந்த வேலையை விஷ்ணுசித்தர் சலிக்காமல் செய்தார். வாடப் போகிறது என்று தெரிந்தும், நாளைக்கு இன்னொன்று கட்டலாம் என்று மண்ணுக்குத் திரும்புகிற மனசு லேசிலே வராது. அந்த மனசு அவருக்கு வந்தது. அந்த மனசிலேதான் பின்னாலே பாட்டும் முளைத்தது.

காய்த்துப்போன கை

அக்காலத்திலே மதுரையை வல்லபதேவன் என்ற பாண்டிய மன்னன் ஆண்டான். ஒருநாள் இரவு அவன் மாறுவேடத்திலே நகரைச் சுற்றி வரும்போது, திண்ணையிலே படுத்திருந்த ஒரு வழிப்போக்கரைச் சந்தித்தான். நல்ல வார்த்தை ஏதாவது சொல்லும்படி கேட்டான். மழை பெய்கிற நான்கு மாதத்துக்கு வேண்டியதை மற்ற எட்டு மாதத்திலே தேடிக்கொள்ள வேண்டும், இரவுக்கு வேண்டியதைப் பகலிலே தேடிக்கொள்ள வேண்டும், முதுமைக்கு வேண்டியதை இளமையிலே தேடிக்கொள்ள வேண்டும், அதுபோல மறுமைக்கு வேண்டியதை இம்மையிலேயே தேடிக்கொள்ள வேண்டும் என்று அவர் சொன்னார். அரசனுக்கு அன்று முழுவதும் தூக்கம் பிடிக்கவில்லை. மறுமைக்கு வேண்டியதைத் தருகிற பரம்பொருள் எது என்று தன் அவையிலிருந்த செல்வநம்பியைக் கேட்டான். அவர் சொன்ன யோசனைப்படி, பொற்கிழி ஒன்றைக் கம்பத்திலே கட்டித் தொங்கவிட்டு, வாதத்தில் வென்றவருக்கு அது உரியது என்று நாடெங்கும் பறை அறைவித்தான். பண்டிதர்கள் கூட்டம் கூட்டமாக மதுரைக்கு வந்தார்கள்.

வில்லிபுத்தூரிலே நம் நந்தவனக்காரர் நிம்மதியாகச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அன்றிரவு பெருமாள் அவர் கனவிலே தோன்றி, மதுரைக்குப் போய் வாதாடி அந்தக் கிழியை அறுத்து வரும்படி சொன்னாராம். விஷ்ணுசித்தர் திடுக்கிட்டுப் போனார். சாஸ்திரம் படித்தவர்கள் கூடியிருக்கிற சபையிலே, மண் கொத்திக் காய்த்துப்போன இந்தக் கையைக் காட்டியா நான் ஜெயிப்பது என்று கேட்டாராம். வைணவப் பெரியோர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிற வரலாறு இது.

இந்த இடத்திலே நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். உங்கள் கையைப் பாருங்கள். உளி பிடித்த கை, அரிவாள் பிடித்த கை, மண்வெட்டி பிடித்த கை. பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறபோது அந்தக் கையைச் சேலைத் தலைப்பிலே மறைத்துக்கொள்கிற தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். நான் படிக்காதவள், எனக்கென்ன தெரியும் வாத்தியாரே என்று சொல்லிக் கடைசி நாற்காலியிலே உட்கார்ந்துவிடுகிறார்கள். விஷ்ணுசித்தரும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் போனார்.

சபையிலே அவர் வாய் திறந்தார். செடியோடும் சாமியோடும் மட்டுமே பேசிப் பழகிய வாயிலிருந்து வேதப் பொருள் ஊற்றுத் தண்ணீர் மாதிரி வந்தது. கம்பத்திலே கட்டியிருந்த பொற்கிழி தானாகவே அவர் முன்னே தாழ்ந்து வந்தது என்பது வரலாறு. அரசன் வியந்து அவருக்குப் பட்டர்பிரான் என்று பட்டம் சூட்டினான். பட்டத்து யானை மேலே ஏற்றி மதுரை வீதியிலே ஊர்வலம் விட்டான்.

சாமிக்கே வாழ்த்துச் சொன்னவர்

யானை மேலே ஊர்வலம் போகிறபோதுதான் அந்த அதிசயம் நடந்தது. தன் பக்தன் கொண்டாடப்படுவதைப் பார்க்கப் பெருமாளே கருடன் மேலே ஏறி வானத்திலே காட்சி கொடுத்தாராம். வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? சாமி எதிரே வந்து நின்றால் நாம் என்ன கேட்போம்? வீடு கேட்போம், வாசல் கேட்போம், பிள்ளைக்கு நல்ல வேலை கேட்போம். விஷ்ணுசித்தர் ஒன்றுமே கேட்கவில்லை. அவருக்குப் பயம் வந்துவிட்டது. இத்தனை அழகாக, இத்தனை பேர் கண்ணுக்கு முன்னாலே வந்து நிற்கிறாரே, கண்பட்டுவிடுமே என்ற கவலை வந்துவிட்டது! யானை கழுத்திலே கட்டியிருந்த மணியையே தாளமாக்கிக்கொண்டு, சாமி நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்திப் பாட ஆரம்பித்துவிட்டார். 12 பாட்டுள்ள அந்தத் திருப்பல்லாண்டுதான் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்துக்கு முதல் வாசலாக நிற்கிறது. இன்றும் பெருமாள் கோயில்களிலே பிரபந்தம் ஓதத் தொடங்கும்போது அதைத்தான் முதலில் ஓதுகிறார்கள்.

உலகத்தைக் காப்பாற்றுகிற சாமிக்கு இவர் எதற்குக் காவல் என்று சிரிக்கத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் இது ஒரு தோட்டக்காரருக்கே வரக்கூடிய கவலை என்று தெரிகிறது. ஒரு செடியை நட்டவன் மனசு எப்படி இருக்கும்? வெயில் அதிகமானால் கவலை, மழை அதிகமானால் கவலை, பக்கத்து வீட்டுக் கோழி வந்து கிளறிவிடுமோ என்று கவலை. நல்லாப் பூத்துவிட்டாலோ, யார் கண்ணாவது பட்டுவிடுமோ என்று இன்னும் அதிகக் கவலை! அந்தப் பழக்கம் ரத்தத்திலே ஊறிவிட்டதால்தான், எதிரே நிற்பது சாமி என்பதும் மறந்துபோய், ஒரு பூவைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டார். மற்ற ஆழ்வார்களைக் காட்டிலும் இந்தப் பரிவு இவருக்குப் பெரிதாக இருந்ததால்தான் பெரியாழ்வார் என்ற பெயரும் வந்தது என்று பெரியோர் கூறுவர்.

ஊர்வலம் முடிந்தது. பொன்னும் புகழும் வந்தாயிற்று. மதுரையிலேயே அரண்மனைக்குப் பக்கத்திலே பெரிய வீடாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் உட்காரவில்லை. ஊருக்குத் திரும்பினார். அந்தப் பொன்னைக் கோயில் கோபுரப் பணிக்குக் கொடுத்துவிட்டார் என்பது ஊர் வழக்கு. பிறகு வழக்கம்போல மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நந்தவனத்துக்குள்ளே போய்விட்டார்.

தாயாக மாறிய தோட்டக்காரர்

பெரியாழ்வார் பாடியவை திருப்பல்லாண்டோடு சேர்த்து மொத்தம் 473 பாட்டு. அதிலே பெரும்பகுதி கண்ணனைக் குழந்தையாக வைத்துப் பாடியது. ஓர் ஆண்மகன், யசோதையாக மாறி, பிள்ளை பிறந்த நாளிலிருந்து பாடுகிறார். தொட்டிலிலே போட்டுத் தாலாட்டுகிறார். நிலாவைக் காட்டிக் கூப்பிடுகிறார். தலையை நிமிர்த்திச் செங்கீரை ஆடச் சொல்கிறார், சப்பாணி கொட்டச் சொல்கிறார், தளர்நடை நடக்கிற அழகைப் பார்த்து மகிழ்கிறார். காது குத்த வரமாட்டேன் என்று ஓடுகிற பிள்ளையைத் தின்பண்டம் காட்டிக் கூப்பிடுகிறார். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார், தலை வாருகிறார், அந்தி சாய்ந்ததும் கண்ணேறு படாமல் காப்பிடுகிறார். பின்னாளிலே தமிழிலே பிள்ளைத்தமிழ் என்று ஒரு தனி இலக்கிய வகையே வளர்ந்ததே, அதற்கு விதை போட்டவர் இவர்தான்.

அந்தப் பாட்டுகளிலே ஒரு பதிகம் முழுக்கப் பூச்சூட்டல். மாடு மேய்க்கப் போன பிள்ளையைப் பூச்சூட வரும்படி தாய் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு பூ. செண்பகம், மல்லிகை, பாதிரி, தமனகம், செங்கழுநீர், புன்னை, குருக்கத்தி, இருவாட்சி, கருமுகை என்று வரிசையாக வருகின்றன. பூவின் பெயரைப் புத்தகத்திலே பார்த்து எழுதியவர் பாட்டாக அது தெரியவில்லை. காலையிலே கூடையைத் தூக்கிக்கொண்டு பாத்தி பாத்தியாக நடந்து பறித்தவர் பாட்டாகத்தான் தெரிகிறது. பாட்டு அவருக்கு இன்னொரு மாலை. நாருக்குப் பதிலாகத் தமிழ், அவ்வளவுதான்.

துளசியடியிலே ஒரு குழந்தை

கண்ணனைப் பாட்டிலே வளர்த்த அவருக்கு, கையாலேயே வளர்க்க ஒரு பிள்ளையும் கிடைத்தது. ஆடி மாதம் பூர நட்சத்திரத்தன்று நந்தவனத்திலே மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தபோது, துளசிச் செடியடியிலே ஒரு பெண் குழந்தை கிடந்தது. யார் பெற்ற பிள்ளை, என்ன குலம், எந்த ஊர் என்று அவர் விசாரிக்கப் போகவில்லை. மண்ணிலிருந்து வந்ததை வளர்ப்பது அவர் வேலை. எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். கோதை என்று பெயர் வைத்தார். கோதை என்றால் மாலை. மாலை கட்டுகிறவர் தன் பிள்ளைக்கு வேறு என்ன பெயர் வைப்பார்!

இன்றைக்குக்கூடப் பெண் குழந்தை பிறந்தது என்றால் முகம் சுளிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். 1,200 ஆண்டுகளுக்கு முன்னே, கண்டெடுத்த ஒரு பெண் குழந்தைக்கு அந்தப் பெரியவர் பூத்தொடுக்கவும் சொல்லிக்கொடுத்தார், தமிழும் சொல்லிக்கொடுத்தார். தனக்குத் தெரிந்த இரண்டையும் கொடுத்துவிட்டார். அந்தப் பிள்ளைதான் பின்னாலே ஆண்டாள் நாச்சியார் என்று உலகம் கும்பிடுகிற கவியரசியானாள். 30 பாட்டில் திருப்பாவையும், 143 பாட்டில் நாச்சியார் திருமொழியும் பாடினாள். மார்கழி மாதம் விடியற்காலையிலே இந்த நாட்டுக் கோயில்களிலும் திருப்பாவை ஒலிக்கிறதே, அது அந்த நந்தவனத்திலே விளைந்த தமிழ்தான்.

அவள் பாட்டிலேயும் தோட்டம் வருகிறது. நம்ம வீட்டு வேலியிலே நீல நிறத்திலே சங்குப்பூ படர்ந்திருக்கும். மலாய்க்காரர்கள் பூங்கா தெலாங் என்று சொல்லிச் சோற்றுக்கு நிறம் ஏற்றப் பயன்படுத்துவார்கள். பழைய தமிழிலே அதற்குக் கருவிளை என்று பெயர். கோதை அந்தப் பூவோடு சண்டை போடுகிறாள். கண்ணன் நிறத்தை வைத்துக்கொண்டு என் முன்னே வந்து நின்று ஏன் என்னை வாட்டுகிறீர்கள் என்ற பொருளிலே கேட்கிறாள். செடிகளுக்கு நடுவிலே வளர்ந்த பிள்ளைக்குச் செடிகளே சிநேகிதிகள்.

அவள் சிறுமியாயிருந்தபோது செய்த காரியம் எல்லாருக்கும் தெரிந்த கதை. சாமிக்கென்று அப்பா கட்டி வைத்த மாலையை, அவர் இல்லாத சமயத்திலே தன் கழுத்திலே போட்டுக்கொண்டு, கிணற்றுத் தண்ணீரிலே அழகு பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் கூடையிலே வைத்துவிட்டாள். அந்தக் கிணற்றைக் கண்ணாடிக் கிணறு என்று இன்றும் கோயிலிலே காட்டுகிறார்கள். ஒருநாள் அப்பா பார்த்துவிட்டார். பதறிப்போனார். பிள்ளையைக் கடிந்துகொண்டார். வேறு பூப் பறித்து, வேறு மாலை கட்டிக் கொண்டுபோனார். அன்றிரவு கனவிலே பெருமாள் வந்து, அவள் சூடிய மாலைதான் தனக்கு வேண்டும் என்று சொன்னாராம். சூடிக்கொடுத்த சுடர்க்கொடி என்ற பெயர் அப்படி வந்தது.

அந்தப் பெரியவரின் மனநிலையை நினைத்துப் பாருங்கள். வருஷக்கணக்காக விடியுமுன்னே எழுந்து, ஒரு பூவுக்கும் பங்கம் வராமல் செய்த தொண்டு அது. அதிலே தப்பு என்று அவர் நினைத்ததையே சாமி ஆசையாய்க் கேட்கிறார். பிள்ளை செய்தது தப்பு இல்லை, தன் கணக்குத்தான் தப்பு என்பதை ஒத்துக்கொள்ள எந்த அப்பாவுக்கும் பெரிய மனசு வேண்டும். அவர் ஒத்துக்கொண்டார்.

பறித்துக் கொடுப்பவனின் துக்கம்

கோதை வளர்ந்தாள். மனிதர் யாரையும் மணக்கமாட்டேன், அரங்கனைத்தான் மணப்பேன் என்று பிடிவாதமாக நின்றாள். தகப்பனார் தவித்துப்போனார். பின்னர் இறைவன் கட்டளைப்படி அவளைப் பல்லக்கிலே ஏற்றித் திருவரங்கத்துக்கு அழைத்துப் போனார்கள் என்றும், சன்னதிக்குள்ளே நடந்து போன அவள் அரங்கனோடு ஐக்கியமாகிவிட்டாள் என்றும் வரலாறு கூறுகிறது.

அப்பா தனியாக வில்லிபுத்தூருக்குத் திரும்பினார். அதே நந்தவனம், அதே துளசி, அதே கிணறு. பிள்ளை மட்டும் இல்லை.

பெரியாழ்வார் பாட்டிலே ஒரு பதிகம் உண்டு. மகளைப் பிரிந்த ஒரு தாய் புலம்புகிற பதிகம். பனி பெய்து பூவும் இதழும் உதிர்ந்துபோன தாமரைக் குளம்போல வீடு வெறிச்சென்று கிடக்கிறதே என்று அவள் அழுகிறாள். ஒரே ஒரு மகளைத் திருமகள் போல வளர்த்தேன், அவளைத் திருமால் கொண்டுபோய்விட்டானே என்று கலங்குகிறாள். மாமியார் வீட்டிலே அவளை நன்றாக நடத்துவார்களா என்று நம்ம வீட்டு அம்மா மாதிரியே கவலைப்படுகிறாள். சாமிக்கே பெண் கொடுத்தாலும் பெற்ற மனசு பித்துத்தான்!

ஆனால் ஒன்று. பூவை வளர்க்கிறவன் அதைச் செடியிலேயே வைத்துக்கொள்வதற்காக வளர்ப்பதில்லை. பறித்துக் கொடுக்கத்தான் வளர்க்கிறான். வாழ்க்கை முழுவதும் தினம் ஒரு மாலையாகக் கொடுத்துப் பழகியவர், கடைசியிலே கோதை என்ற மாலையையும் கொடுத்தார். அழுதுகொண்டேதான் கொடுத்தார்; ஆனாலும் கொடுத்தார். பிள்ளையும் அப்பாவை மறக்கவில்லை. திருப்பாவையின் கடைசிப் பாட்டிலே பட்டர்பிரான் மகளாகவே தன்னைச் சொல்லிக்கொள்கிறாள்.

முதுமையிலே பெரியாழ்வார் மதுரைக்குப் பக்கத்திலே இருக்கும் திருமாலிருஞ்சோலைக்குப் போய், அங்கேயே திருநாடு அடைந்தார் என்பது மரபு. அழகர் கோயில் என்று நாம் சொல்கிற ஊர் அது. சோலை என்ற பெயருள்ள இடத்திலேயே அவர் கடைசி நாளும் கழிந்தது.

இன்றும் வாடாத நந்தவனம்

கோயிலுக்குத் தோட்ட வேலை செய்த பெரியோர் இவர் ஒருவர் மட்டுமல்ல. அப்பர் என்று நாம் கும்பிடுகிற திருநாவுக்கரசர் கையிலே உழவாரத்தைப் பிடித்துக் கோயில் கோயிலாகப் புல் செதுக்கினார். தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்திலே நந்தவனம் வைத்தார். ராமானுஜரின் சீடர் அனந்தாழ்வான் திருமலையிலே பூந்தோட்டம் போட்டார்; அவர் பிடித்த கடப்பாரையை இன்றும் திருப்பதிக் கோயில் வாசலிலே தொங்கவிட்டிருக்கிறார்கள். அரசர்கள் பிடித்த வாளுக்குக்கூட இந்த மரியாதை கிடைக்குமா தெரியாது!

ஸ்ரீவில்லிபுத்தூரிலே ஆண்டாள் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் நடுவிலே அந்த நந்தவனம் இருக்கிறது. அங்கே 11 நிலைக் கோபுரம் வானளாவி நிற்கிறது. ஆண்டாள் சூடிய மாலை சித்திரைத் திருவிழாவிலே மதுரைக்கு வருகிற அழகருக்கும், புரட்டாசிப் பிரம்மோற்சவத்திலே திருப்பதிப் பெருமாளுக்கும் வருஷந்தோறும் போகிறது. ஆண்டாள் கையிலே தினமும் ஒரு புதுக் கிளி இருக்கும். அது உயிருள்ள கிளி அல்ல. இலையாலே செய்த கிளி. மாதுளம்பூவிலே மூக்கு, மரவள்ளி இலையிலே உடம்பு. நாள் தவறாமல் உட்கார்ந்து பொறுமையாகச் செய்கிறார்கள். மறுநாள் வேறு கிளி.

மரவள்ளி என்றதும் பெரியவர்களுக்கு ஜப்பான்காரன் காலம் ஞாபகத்துக்கு வந்திருக்கும். 1942 முதல் 1945 வரை அரிசி கிடைக்காமல் நம் தாத்தா பாட்டிமார் உயிரைக் கையிலே பிடித்துக்கொண்டு தின்றது அந்தக் கிழங்குதான். மரவள்ளி தென்னமெரிக்காவிலிருந்து பின்னாளிலே வந்த செடி. ஆண்டாள் காலத்திலே அது தமிழ்நாட்டில் கிடையாது. ஆனாலும் பின்னே வந்தவர்கள் கிடைத்த இலையைக் கொண்டு கிளி செய்தார்கள். எங்கிருந்து வந்த செடியானாலும், அன்பாய்த் தொட்டால் சாமி கையிலே போய் உட்காருகிறது. கடல் தாண்டி வந்து இந்த மண்ணிலே வேர்விட்ட நமக்கு இது நல்ல செய்தி அல்லவா?

நமக்கும் ஒரு நந்தவனம்

என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். என் அம்மா பால்மரம் வெட்டியவர். லயத்து வீட்டின் பின்னாலே பாய் அகலத்துக்கு ஓர் இடம் இருந்தது. அதிலே கனகாம்பரம், துளசி, ஒரு மல்லிகைக் கொடி போட்டிருந்தார். வேலை முடிந்து வந்து, காலைக்கூடக் கழுவாமல் முதலில் அந்தக் கொடியைத்தான் பார்ப்பார். வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் அதனிடத்திலே சொல்வதுபோல அவர் உதடு அசையும். அங்கேதான் தாலாட்டும் பாட்டும் அவர் வாயில் வந்து நான் கேட்டிருக்கிறேன். வேறெங்கும் அவர் பாடியதில்லை. பிறகு தோட்டம் கைமாறியது. ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள். லயங்களையும் இடித்தார்கள். எல்லாரும் தட்டுமுட்டுச் சாமானை லாரியிலே ஏற்றியபோது, அம்மா மட்டும் கடைசி நிமிஷத்திலே ஓடிப்போய் அந்த மல்லிகையிலே ஒரு கொடியை வேரோடு பிடுங்கிப் பால் டின்னிலே வைத்துக்கொண்டார். அப்பாவுக்குக் கோபம். எனக்கும் அன்று வெட்கமாக இருந்தது.

பயிற்சி முடித்து நான் வேலைக்கு வந்த முதல் நாள், அம்மா அந்தக் கொடியிலே பதியம் போட்டு என் கையிலே கொடுத்து அனுப்பினார். நம் பள்ளிக் கொடிமரத்துக்குப் பக்கத்திலே நிற்கிற மல்லிகை அதுதான். தண்ணீர் ஊற்றுகிற முறை எந்த வகுப்புக்கு என்று பிள்ளைகள் போட்டி போடுகிறார்கள். வகுப்பிலே வாயே திறக்காத ஒரு பிள்ளை, அந்தக் கொடி முதல் மொட்டு விட்ட அன்று நாலு வரிப் பாட்டு எழுதிக்கொண்டு வந்து என் மேசையிலே வைத்துவிட்டு ஓடியது. எழுத்துப் பிழை இருந்தது. நான் திருத்தவில்லை, அன்று மனசு வரவில்லை.

பெற்றோர்களே! நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, வீட்டிலே ஒரு பாத்தி மண்ணைப் பிள்ளைகளுக்கென்று விடுங்கள். மண் இல்லையென்றால் ஒரு டின் போதும். 1960ஆம் ஆண்டு நம் நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்தியிலே ஒரு குச்சியை ஒடித்து ஊன்றினாலே துளிர்க்கும். பொறுமையும், அடுத்தவர் மேலே வைக்கிற கரிசனமும், வாடினாலும் மறுபடி நடுகிற தைரியமும் அந்த மண்ணிலே அவர்களுக்குக் கிடைக்கும். தமிழும் கிடைக்கும்.

இங்கே படித்து முடித்த பிள்ளைகள் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போகப்போகிறார்கள். போகத்தான் வேண்டும். அவர்களை அனுப்பிவிட்டு வெறிச்சென்ற வாசலிலே உட்கார்ந்திருக்கிற தாய் தகப்பன்மாரை நான் அறிவேன். அவர்களுக்குச் சொல்கிறேன்: வில்லிபுத்தூர்ப் பெரியவரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். காய்த்துப்போன உங்கள் கையை இனி மறைக்காதீர்கள். பரிசளிப்பு விழா மேடையிலே உங்கள் பிள்ளை ஏறுகிறபோது, அந்தக் கையாலேயே பலமாகத் தட்டுங்கள். அந்த ஒலியிலே அவர்களுக்கு உங்கள் பல்லாண்டு கேட்கட்டும்.

வாழ்க நம் பிள்ளைகள்! வளர்க நம் தமிழ்ப்பள்ளி!